மக்கும் குப்பையா, மக்காத குப்பையா?

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஃபோனைக் கையில் எடுக்கிற நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் பழைய மாணவி ஒருத்தி ஒரு கேள்வி போட்டாள். ஓசூரில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறாள். "டீச்சர், தென்னை நார்க்கழிவு மக்கும் குப்பையா, மக்காத குப்பையா? கட்டியா வாங்கி ஊறவெச்சுத் தொட்டில போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. அப்படியே இருக்கு." உடனே பத்துப் பேர் பதில் போட்டீர்கள். பாதிப் பேர் மக்கும் என்றீர்கள், பாதிப் பேர் மக்காது என்றீர்கள். இரண்டு பக்கமும் சரி என்பதுதான் இதில் வேடிக்கை. ஏன் என்று சொல்ல இருநூறு வருஷக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஊரெல்லாம் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி வைத்திருக்கிறார்கள். வாழைப்பழத் தோல் பச்சையில், பிளாஸ்டிக் நீலத்தில். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவு போதும். ஆனால் 'மக்கும்' என்ற சொல்லைக் கேட்டால், அது தானாக நடக்கிற காரியம் போலத் தோன்றும். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி, மரமும் தண்ணீர் பட்டால் மக்கிப் போகும் என்று நினைப்போம். அப்படி இல்லை பிள்ளைகளே. மரம் தானாக மக்குவதில்லை. அதை மக்க வைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் பூஞ்சை. மரத்தின் மிகக் கெட்டியான பாகத்தை அது எந்த ஆயுதத்தால் உடைக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது 1983இல்தான். அதாவது, மனிதன் நிலாவில் நடந்து பதினான்கு வருஷம் கழித்து!

முதலில் அந்தக் கெட்டியான பாகம் எது என்று பார்ப்போம். வீடு கட்டும்போது தளம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் கம்பி கட்டுவார்கள், பிறகு அதன்மேல் கான்கிரீட் கொட்டுவார்கள். கம்பி மட்டும் இருந்தால் வளையும், கான்கிரீட் மட்டும் இருந்தால் விரிசல் விடும். மரமும் அப்படிக் கட்டப்பட்டதுதான். அதில் கம்பி மாதிரி இருப்பது செல்லுலோஸ். சுற்றிலும் கொட்டி இறுகிய கான்கிரீட் மாதிரி இருப்பது லிக்னின். பெரும்பாலான மரங்களில் எடைக்கு ஐந்தில் ஒரு பங்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ இந்த லிக்னின்தான். ஒரு புல்லும் ஒரு புளியமரமும் வேறுபடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். லிக்னின் இல்லாவிட்டால் எந்த மரமும் நிமிர்ந்து நிற்காது, வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீரும் ஏறாது.

இந்தப் பெயரை வைத்தவர் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் டி கண்டோல், 1813இல். லத்தீன் மொழியில் 'லிக்னம்' என்றால் மரம். 1838இல் பிரான்சின் ஆன்செல்ம் பேயன் என்ற வேதியியலாளர் மரத்தை அமிலத்திலும் காரத்திலும் மாறி மாறிப் போட்டு, மேலே அப்பியிருந்ததையெல்லாம் நீக்கிவிட்டு, உள்ளே இருந்த வெள்ளை நாரைத் தனியே எடுத்தார். அதுதான் செல்லுலோஸ். காகிதம் முழுக்க அதுதான். மலிவான செய்தித்தாளில் லிக்னினை முழுக்க நீக்குவதில்லை. அதனால்தான் பழைய தினத்தாள் வெயில் பட்டால் பழுப்பாகிறது, நல்ல நோட்டுப் புத்தகத் தாள் அவ்வளவு சீக்கிரம் பழுப்பதில்லை. உங்கள் பழைய நோட்டுகள் சிலவற்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன், எடுத்துப் பார்த்தால் எது எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

செல்லுலோஸ் ஒரு பாசிமணி மாலை. ஒரே மாதிரி மணி, ஒரே மாதிரி முடிச்சு. ஒரு முடிச்சை வெட்டத் தெரிந்த நொதிக்கு மாலை முழுவதையும் வெட்டத் தெரியும். லிக்னின் அப்படியில்லை. மூன்று வகை மணிகள், கண்டபடி பத்து விதமான முடிச்சுகள், எந்த இரண்டு துண்டும் ஒரே மாதிரி இருக்காது. 1894இல் எமில் ஃபிஷர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, நொதியும் அது வேலை செய்யும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்தும் என்றார். அறிவியல் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். லிக்னினுக்கு இந்த உவமை உதவாது. பூட்டு ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவம் என்றால் எத்தனை சாவிதான் செய்வது?

இதை மனதில் வைத்துக்கொண்டு, நம் பக்கத்து ஊருக்கு ஒருமுறை போய்வருவோம். நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போடும்போது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் ஏற்பட்டது, 1957 மே 20ஆம் தேதி நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். ஆங்கிலத்தில் அந்தக் கரிக்கு 'லிக்னைட்' என்று பெயர். லிக்னின், லிக்னைட் இரண்டும் அதே லத்தீன் மரத்திலிருந்து வந்த சொற்கள்தான். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் சதுப்புக் காட்டில் விழுந்து, சேற்றிலும் தண்ணீரிலும் மூழ்கிய தாவரங்கள்தாம் அங்கே கரியாகக் கிடக்கின்றன. ஏன் அவை மக்கவில்லை? தண்ணீரில்தானே கிடந்தன?

தண்ணீரில் கிடந்ததால்தான் மக்கவில்லை. இதை நம் ஊர்க் கொத்தனாரும் ஆசாரியும் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தார்கள். கிணற்றின் அடியில் போடும் நெல்லிக்கட்டை எத்தனை வருஷம் கிடந்தாலும் அப்படியே இருக்கும். வீட்டு உத்தரமும் கூரை ஒழுகாதவரை தலைமுறை தாண்டும். ஆனால் வேலிக்கு நட்ட கால் மட்டும் இரண்டு மழைக்காலத்தில் இற்றுப்போகும். அதிலும் எந்த இடத்தில்? மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கும் பாகத்திலும் இல்லை, மேலே காற்றில் நிற்கும் பாகத்திலும் இல்லை. மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த நான்கு விரற்கடை இடத்தில்தான். அங்கேதான் ஈரமும் உண்டு, காற்றும் உண்டு. பூஞ்சைக்கு இரண்டும் வேண்டும். முக்கியமாக, லிக்னினை உடைக்க ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. சதுப்பில் மூழ்கிய மரத்துக்கு அது கிடைக்கவில்லை. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் மரங்கள் ஆற்று மணலில் புதைந்து, கரிக்குப் பதிலாகக் கல்லாகிவிட்டன. 1781இலேயே சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். நம்மிலிருந்து தூரமில்லை. போகாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். பூஞ்சையின் கைக்கு எட்டாத மரம் எப்படியிருக்கும் என்று அங்கே தொட்டே பார்க்கலாம். ஆண்டு வளையம்கூடத் தெரியும் கல் அது.

சரி, கதைக்கு வருவோம். மக்கிய மரத்தில் பூஞ்சை இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மரம் மக்குவதால் பூஞ்சை வருகிறதா, பூஞ்சை வருவதால் மரம் மக்குகிறதா? ஜெர்மனியில் ஒரு குடும்பத்துக்குள்ளேயே இது நடந்தது. அப்பா தியோடர் ஹார்டிக் 1833இல் மக்கிய மரத்தில் நூல் நூலாகப் பூஞ்சை இழைகளைப் பார்த்தார். மரத்தின் செல்லே சிதைந்து இந்த இழைகளாக மாறுகிறது என்று எழுதினார். மகன் ராபர்ட் ஹார்டிக் 1870களில் அதைத் தலைகீழாக்கினார். இழை வெளியிலிருந்து உள்ளே போகிறது, போன பிறகுதான் மரம் கெடுகிறது என்று காட்டி 1878இல் பெரிய புத்தகமே போட்டார். அப்பாவின் கருத்தை மகன் மறுத்ததால் காடுகளைப் பற்றிய அறிவு ஒரு தலைமுறை முன்னேறியது. நம் வீடுகளில் இப்படி நடந்தால் ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது.

அந்தக் காலத்திலேயே மரம் மக்குவது இரண்டு விதம் என்பது தெளிவானது. ஒரு வகையில் மரம் பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். அங்கே பூஞ்சை கம்பியைத் தின்றுவிட்டுக் கான்கிரீட்டை விட்டுவிட்டது. இன்னொரு வகையில் மரம் வெளுத்து, நார் நாராகப் பிரியும், பஞ்சு மாதிரி ஈரத்தை உறிஞ்சும். இங்கே பூஞ்சை கான்கிரீட்டையே உடைத்துவிட்டது. இந்த இரண்டாவது வகைக்கு வெள்ளழுகல் என்று பெயர். மரத்தை உடைப்பதில் நிஜமான கில்லாடிகள் இவைதான். எங்கள் வேங்கிக்காலில் மழைக்குப் பிறகு, வெட்டிப்போட்ட மரத்துண்டுகளில் ஆரஞ்சுச் சிவப்பாகத் தட்டுத் தட்டாக முளைத்திருக்குமே, தொட்டால் தோல் மாதிரி இருக்குமே, அதுவும் வெள்ளழுகல் வகைதான். கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த சகாய் ராம் போஸ், வங்காளத்தின் மரக்காளான்களை வாழ்நாள் முழுக்கச் சேகரித்து வகைப்படுத்தியவர். 1940களில் இந்தச் சிவப்புக் காளானிலிருந்தே 'பாலிபோரின்' என்று ஒரு நுண்ணுயிர்க்கொல்லியை எடுத்துக் காட்டினார். பென்சிலின் உலகை ஆட்டிவைத்த அதே வருஷங்கள் அவை. பெரிய மருந்தாக அது வளரவில்லை. ஆனாலும் வசதியில்லாத ஒரு ஆய்வகத்தில், காலால் உதைத்துத் தள்ளும் மரத்துண்டை எடுத்து ஒருவர் இவ்வளவு பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

நொதியின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. அங்கே ஒரு மரத்தின் பாலை எடுத்துப் பாத்திரங்களுக்கு மெருகு பூசுவார்கள். பால் காற்றுப் பட்டதும் கறுத்து இறுகும். ஏன் என்று 1883இல் யோஷிதா ஆராய்ந்தார். பாலைச் சூடு செய்தால் அந்தக் குணம் போய்விடுகிறது, எனவே உள்ளே உயிர்ப்பொருள் ஒன்று வேலை செய்கிறது என்றார். பத்து வருஷம் கழித்து பிரான்சின் கேப்ரியல் பெர்ட்ராண்ட் அதற்கு 'லாக்கேஸ்' என்று பெயர் வைத்தார், அதே பொருள் காளான்களிலும் இருப்பதைக் கண்டார். இந்தப் பெயருக்குள் நம் நாட்டுச் சொல் ஒன்று ஒளிந்திருக்கிறது. அரக்குக்கு இந்தியில் 'லாக்', வடமொழியில் 'லாக்ஷா'. போர்த்துக்கீசியர் அதை எடுத்துப்போய் மெருகுப் பூச்சுக்கெல்லாம் பொதுப் பெயராக்கினார்கள். அங்கிருந்து அது நொதியின் பெயருக்குள் நுழைந்தது. இத்தனைக்கும் நம் அரக்கு மரப்பால் அல்ல, பூச்சி தருவது. சொல் எங்கெங்கோ சுற்றி வேறு பொருளில் உட்கார்ந்துகொண்டது.

1928இல் பாவெண்டாம் என்ற ஜெர்மானியர் ஒரு சுலபமான சோதனை சொன்னார். பூஞ்சையை டானின் கலந்த கூழில் வளருங்கள். சுற்றிலும் பழுப்பு வளையம் விழுந்தால் அது வெள்ளழுகல் பூஞ்சை, விழாவிட்டால் பழுப்பழுகல் வகை. டானின் என்பது நம் ஜவ்வாது மலைக் கடுக்காயில் நிறைய இருக்கிறதே, தோல் பதனிட உதவுமே, அதேதான். இத்தனை தெரிந்தும், லிக்னினை நிஜமாக உடைப்பது எது என்பது மட்டும் பிடிபடவில்லை. லாக்கேஸைத் தனியாக எடுத்து மரத்தின்மேல் ஊற்றினால் மரம் சும்மா இருந்தது.

இதற்கிடையில் நம் நாட்டில் வேறொரு அவசரம். ரயில்வேக்கு லட்சக்கணக்கில் மரக்கட்டைகள் வேண்டும், தந்திக் கம்பங்கள் வேண்டும். மழையிலும் மண்ணிலும் அவை இற்றுப்போகின்றன. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோந்தி காமேசம் 1933இல் ஒரு மருந்து கண்டுபிடித்தார். தாமிரம், ஆர்செனிக், குரோமியம் மூன்றும் சேர்ந்த கரைசல். ஆர்செனிக், தாமிரம் இவற்றின் வேதிக் குறியீடுகளைச் சேர்த்து 'ஆஸ்கு' என்று பெயர். தாமிரம் பூஞ்சையைத் தடுக்கும், ஆர்செனிக் கரையானைத் தடுக்கும், குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிடித்து வைத்துக்கொள்ளும். உலகம் முழுக்க எழுபது வருஷம் மின்கம்பமும் வேலியும் மரத் தளமும் இந்த இந்தியரின் மருந்தில்தான் நின்றன. 2003 முடிவில் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு இதை நிறுத்திக்கொண்டார்கள், ஆர்செனிக் பயம் காரணமாக. காமேசத்தின் பெயர் நம் பாடநூல்களில் இருந்திருக்க வேண்டும். பூஞ்சையின் ஆயுதம் என்னவென்றே தெரியாத காலத்தில் அதற்குக் கேடயம் செய்தவர் அவர்.

அந்த ஆயுதம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வகத்தில் பிடிபட்டது. கென்ட் கிர்க் என்பவர் பனரோகீட்டி கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் போராடினார். பெயர்தான் வாயில் நுழையாது, பூஞ்சை சாதாரணமானது. மரச்சில்லுக் குவியல்களில் வளரும், நம் சித்திரை வெயில் மாதிரி 40 டிகிரிச் சூடு பிடிக்கும். அவருடைய குழுவினர் முதலில் ஒன்றைக் கண்டார்கள். பூஞ்சைக்கு நைட்ரஜன் உணவைத் தாராளமாகக் கொடுத்தால் அது லிக்னினைத் தொடுவதே இல்லை. பட்டினி போட்டால்தான் ஆயுதத்தை எடுக்கிறது. இது தெரியாமல் நன்றாகத் தீனி போட்டு வளர்த்து, நொதியைக் காணோமே என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? மரத்தில் நைட்ரஜன் மிகமிகக் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால் இது நியாயம்தான்.

1983இல் மிங் டியன், கிர்க் இருவரும் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். பூஞ்சை வளர்ந்த நீரில் இரும்பு அணு கொண்ட ஒரு நொதி இருக்கிறது, அது வேலை செய்ய ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும் என்றார்கள். புண் கழுவ மருந்துக் கடையில் வாங்குவோமே, நுரைக்குமே, அதேதான். பூஞ்சை அதையும் தானே தயாரித்துக்கொள்கிறது, காற்றிலுள்ள ஆக்சிஜனை வைத்து. அதே வருஷம் ஆரிகனில் மைக்கேல் கோல்டு குழுவினரும் இதே நொதியைக் கண்டார்கள். அடுத்த வருஷமே மாங்கனீசை வைத்து வேலை செய்யும் இன்னொரு நொதியும் அவர்களுக்குக் கிடைத்தது.

இப்போது பூட்டு சாவிக்கு வாருங்கள். இந்த நொதி சாவி போடுவதே இல்லை. லிக்னினிலிருந்து ஒரே ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். எலெக்ட்ரான் போன மூலக்கூறு நிலைகுலைந்து தானே துண்டு துண்டாகிறது. எந்த முடிச்சு உடையும் என்று நொதிக்கும் தெரியாது. சீட்டுக்கட்டு வீட்டில் ஒரு சீட்டை உருவுவது மாதிரி. மாங்கனீசு நொதி இன்னும் சாமர்த்தியம். தான் பெரிய உருவம், இறுகிய மரத்துக்குள் நுழைய முடியாது என்பதால், மாங்கனீசை முறுக்கேற்றி உள்ளே அனுப்புகிறது. சின்னப் பையனை விட்டு ஜன்னல் வழியாகக் கதவைத் திறக்கச் சொல்வதுபோல! 1987இல் கிர்க்கும் ஃபேரலும் இதற்கு 'நொதியால் எரித்தல்' என்று பெயர் கொடுத்தார்கள். விறகடுப்பில் ஒரு மணி நேரத்தில் நடப்பதை, தீ இல்லாமல், சாதாரணச் சூட்டில், மாதக்கணக்கில் பூஞ்சை செய்கிறது.

இவ்வளவு பாடுபட்டும் லிக்னினால் பூஞ்சையின் வயிறு நிரம்புவதில்லை. அது தேடுவது உள்ளேயிருக்கும் செல்லுலோஸைத்தான். பண்ருட்டிப் பலாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுளைக்காகத்தானே முள்தோலோடும் பாலோடும் மல்லுக்கட்டுகிறோம், அது மாதிரி.

பூட்டு பார்க்காத நொதி என்பதால் அது வேறு பொருள்களையும் உடைக்கும். 1985இல் இதே பூஞ்சை டிடிடி பூச்சிமருந்தைக்கூடச் சிதைப்பதைக் காட்டினார்கள். அதிலிருந்து உலகம் முழுக்க ஆராய்ச்சி பெருகியது, நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களிலும் சாயக் கழிவு நீரைக் கண்ணாடிக் குடுவையில் பூஞ்சையால் வெளுக்க வைத்தார்கள். ஆனால் குடுவை வேறு, நொய்யல் ஆறு வேறு. சாயக் கழிவில் உப்பும் காரமும் அதிகம், பூஞ்சையை அதில் மற்றக் கிருமிகள் அழித்துவிடும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. ஆய்வுக் கட்டுரையைப் பார்த்துவிட்டு 'காளான் இருக்கிறது, கழிவை விடலாம்' என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

பூஞ்சை நிஜமாக உதவிய இடம் எது என்றால், நம் ஓசூர்க்காரியின் தொட்டியில் கிடக்கும் அதே நார்க்கழிவுதான். தேங்காய் மட்டையை அடித்து ஒரு கிலோ நார் எடுத்தால் சுமார் இரண்டு கிலோ தூள் மிஞ்சும். பொள்ளாச்சிப் பக்கமும் கேரளத்திலும் கயிற்று ஆலைகளின் ஓரத்தில் இது மலை மலையாகக் குவிந்தது. அதில் லிக்னின் மட்டும் 30 சதவீதம். மழை பெய்தால் காபி டிகாஷன் மாதிரிப் பழுப்பு நீர் வடிந்து கிணற்றில் இறங்கும். இலவசம்தானே என்று பச்சையாக வயலில் கொட்டியவர்களுக்குப் பயிர் மஞ்சளடித்தது. அதில் கார்பன் 112 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்குதான். அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் சிப்பிக்காளானை ஏற்கெனவே நன்றாகத் தெரியும். 1962இலேயே மைசூர் உணவு ஆராய்ச்சி நிறுவனத்தில் சாகியா பானோவும் ஸ்ரீவஸ்தவாவும் வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்த்துக் காட்டியிருந்தார்கள். கோவையில் ரங்கசாமி, கந்தசாமி, ராமசாமி மூவரும் 1975இல் 'கரன்ட் சயன்ஸ்' இதழில் இந்தக் காளானைப் பற்றி எழுதினார்கள். இதுவும் வெள்ளழுகல் வகைதான். மாங்கனீசு நொதியும் லாக்கேஸும் இதன் ஆயுதங்கள். 1980களில் கோவைக்காரர்கள் இதை நார்க்கழிவின்மேல் ஏவிவிட்டார்கள். முறை மிக எளிது. நிழலான இடத்தில் 100 கிலோ நார்க்கழிவைப் பரப்பி ஒரு புட்டி காளான் வித்தைத் தூவ வேண்டும். அதன்மேல் இன்னொரு 100 கிலோ, அதற்கு ஒரு கிலோ யூரியா. இப்படி மாற்றி மாற்றி ஒரு டன் வரை அடுக்கி, ஈரம் காயாமல் தெளித்து வந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் கறுத்து உரமாகிவிடும். ஒரு டன்னுக்கு ஐந்து புட்டி வித்து, ஐந்து கிலோ யூரியா. 30 சதவீதம் இருந்த லிக்னின் 4.8 ஆகிறது. 112க்கு 1 என்ற கார்பன், நைட்ரஜன் விகிதம் 24க்கு 1 ஆகிறது. நைட்ரஜன் கொடுத்தால் ஆயுதம் எடுக்காது என்றேனே, யூரியா போடலாமா என்று கூர்மையான பிள்ளைகள் கேட்பீர்கள். அந்தக் கண்டிப்பு அமெரிக்கப் பூஞ்சைக்கு அதிகம். சிப்பிக்காளான் அவ்வளவு முறுக்குக் காட்டுவதில்லை.

எனவே ஓசூருக்குப் பதில்: நார்க்கழிவு மக்கும், ஆனால் ஆள் வந்தால்தான். கடையில் விற்கும் கட்டி உப்புக் கழுவி அமுக்கப்பட்ட பச்சை நார்க்கழிவு. வேருக்குப் பிடிமானமும் ஈரமும் தரும், சோறு போடாது. உரம் தனியே போட வேண்டும். உரமாகவே வேண்டுமானால் 'மக்கிய நார்க்கழிவு உரம்' என்று கேட்டு வாங்கு கண்ணு.

நெய்வேலிக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. உலகத்தின் பெரிய நிலக்கரிப் படிவங்கள் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. அப்போது லிக்னினை உடைக்கும் பூஞ்சை இன்னும் உருவாகவில்லை, அதனால்தான் அவ்வளவு மரம் தேங்கியது என்று 2012இல் 31 பூஞ்சைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு ஒரு பெரிய குழு எழுதியது. கேட்க மிக அழகான கதை. 2016இல் வேறு சிலர் மறுத்தார்கள். அந்தக் காலத்துக் கரி மரங்கள் பலவற்றில் லிக்னினே குறைவு, சதுப்பும் தாழ்ந்துகொண்டே போன நிலமும்தான் காரணம் என்றார்கள். எனக்கு இரண்டாமவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. நெய்வேலிக் கரி உண்டான காலத்தில் பூஞ்சைகள் தாராளமாக இருந்தன, ஆனாலும் கரி உண்டாகியிருக்கிறதே.

கடைசியாக, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நம் சொந்தங்களுக்கு. இதே குடும்பத்து ஆயுதங்களோடு இன்னொரு பூஞ்சை உங்கள் மண்ணில் இருக்கிறது. கானோடெர்மா. நார்க்கழிவைத் தின்பது உதவி, இது உயிருள்ள தென்னையின் வேரையும் அடித்தண்டையும் தின்னும். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைக் கடலோரத்தில் இது பரவலாகத் தெரிந்ததால் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்றே பெயர். 2018 நவம்பரில் கஜா சாய்த்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் தோப்பில் கிடந்தால், அவை இந்தப் பூஞ்சைக்குச் சோற்றுப் பானை. வேரோடு பெயர்த்து அப்புறப்படுத்துங்கள். மரத்தின் அடியில் வெடிப்பு விட்டுச் செம்பழுப்பு நீர் வடிகிறதா என்று ஒவ்வொரு மரமாகக் குனிந்து பாருங்கள். இலை தொங்கிய பிறகு பார்த்துப் பயனில்லை. வடிந்தால் அந்த மரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தனிமைப்படுத்துங்கள். அதன் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் போகக் கூடாது. மரத்துக்கு வருஷத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கும் 50 கிலோ தொழுவுரமும் போட்டு, ஒரு சதவீத போர்டோ கலவை 40 லிட்டர் வேர்ப்பகுதியில் ஊற்றச் சொல்கிறார்கள். மாமா, சித்தப்பா, யார் தோப்பில் இருந்தாலும் நாளைக் காலையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வடிவதாகத் தெரிந்தால் படம் எடுத்துப் பக்கத்து வேளாண் விரிவாக்க மையத்தில் காட்டுங்கள்.